ஓடாத வண்டியும் தேயும்
— நிறுத்திவைத்த மோட்டார் வண்டியின் நூற்றாண்டுக் கதை —

ஐப்பசி அடைமழை. கீரமங்கலத்தை அடுத்த ஒரு தென்னந்தோப்பு வீட்டில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டது. வீட்டு வாசலில் தகரக் கொட்டகையின்கீழ் ஒரு கார் நின்றது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் விடுமுறையில் வந்தபோது வாங்கியது. ஐந்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத புதிய வண்டி. அதன்மேல் நல்ல பிளாஸ்டிக் உறை போர்த்தி, ஏழு மாதமாகப் பத்திரமாக வைத்திருந்தார்கள். சாவியைத் திருகினால் 'டக்' என்ற ஒலிகூட வரவில்லை. நான்கு பேர் சேர்ந்து மழையில் தள்ளிப் பார்த்தார்கள். அப்போதும் எஞ்சின் உயிர் பெறவில்லை. கடைசியில், நாள்தோறும் பூச்சந்தைக்கு மூட்டை ஏற்றிச் செல்லும் பக்கத்து வீட்டுப் பழைய சுமை வண்டிதான் அப்பெண்ணை மருத்துவமனையில் சேர்த்தது. தாயும் சேயும் நலம்.

மறுநாள் அந்த வீட்டுப் பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஓடித் தேய்ந்த வண்டி போகிறது, ஓடாமல் பத்திரமாக இருந்த வண்டி ஏன் தம்பி போகவில்லை?"

எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை சொல்ல, நூறாண்டுக்கு மேற்பட்ட அறிவியல் வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

பனி நாட்டுப் பழக்கம்

காரை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வழக்கம் முதலில் குளிர் நாடுகளில் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடிய கார்களுள் பெரும்பாலானவை கூரையில்லாத திறந்த வண்டிகள். சாலைகளில் பனி மூடிவிட்டால் அதை அகற்ற ஏற்பாடு இல்லை. ஆகவே கார் வைத்திருந்தவர்கள் கார்த்திகை, மார்கழி வந்ததும் வண்டியைக் கொட்டகையில் ஏற்றிவிட்டு, மீண்டும் குதிரை வண்டியையோ பனிச்சறுக்கு வண்டியையோ நாடினர். இளவேனில் வந்த பிறகே கார் வெளியே வரும்.

நிறுத்துமுன் அவர்கள் செய்த வேலைகள் நான்கு. ரேடியேட்டரிலும் எஞ்சினிலும் உள்ள நீரை ஒரு சொட்டு விடாமல் வடிப்பார்கள். வண்டியைக் கட்டைகளின்மேல் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் தரையைத் தொடாமல் செய்வார்கள். பளபளக்கும் உலோகப் பாகங்களில் கொழுப்புப் பசை தடவுவார்கள். பாட்டரியைக் கழற்றி, அதைக் குளிர்காலம் முழுவதும் கவனித்து மின்னேற்றித் தரும் கடைகளில் ஒப்படைப்பார்கள்.

இந்த நான்கு வேலைகளுக்கும் நான்கு அறிவியல் காரணங்கள் உண்டு. முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் உறையும்போது சுருங்குகின்றன. நீரோ உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிகிறது. எஞ்சினின் இரும்புச் சுவருக்குள் அடைபட்ட நீர் உறைந்தால், சுவர் வெடித்துவிடும். ஒரே இரவில் ஒரு எஞ்சின் பாழ். இதைத் தடுக்க நீரோடு சாராயத்தையும் கிளிசரினையும் கலந்து பார்த்தார்கள். சாராயம் விரைவில் ஆவியாகிவிட்டது. முடிவில் கைகொடுத்தது எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள். பிரெஞ்சு வேதியியலார் சார்ல் அடால்ஃப் வூர்ட்ஸ் 1856-இல் முதன்முதலாகத் தயாரித்த இந்தத் திரவம், 1920-களின் பிற்பகுதியில்தான் கார்களுக்கான உறைதடுப்பியாகக் கடைக்கு வந்தது. தயாரிக்கப்பட்டு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகே காருக்குள் புகுந்த பொருள் அது!

நம் ஊரில் நீர் உறைவதில்லை. ஆயினும் இன்றைய கார்களின் ரேடியேட்டரில் ஊற்றப்படும் வண்ணத் திரவத்தில் அதே கிளைக்கால்தான் இருக்கிறது. நீரின் கொதிநிலையை அது உயர்த்துகிறது. அதோடு சேர்க்கப்படும் துருத் தடுப்பான்கள் எஞ்சினின் உட்புறத்தைக் காக்கின்றன. ஒன்றை மறக்கலாகாது: இத்திரவம் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. வடித்ததைக் குழந்தைகளும் ஆடுமாடுகளும் நாய்களும் நாவால் தொடும் இடத்தில் ஒருபோதும் விட்டுவைக்கக் கூடாது.

கைப்பிடி போய்ச் சாவி வந்தது

அந்நாளைய கார்களுக்கு ஒரு நன்மை இருந்தது. முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் எஞ்சின் கிளம்பிவிடும். அக்கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்களும் பலர். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தில் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் 1911-இல் மின்னியக்கித் தொடக்கியை உருவாக்கினார். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. அன்றுமுதல் காரின் உயிர், படிப்படியாகப் பாட்டரியின் கைக்குப் போயிற்று.

நம் நாட்டு அம்பாஸிடர் கார்களின் பழைய மாதிரிகளில்கூடக் கைப்பிடிக்கு வழி இருந்தது. பாட்டரியில் சிறிது உயிர் இருந்தால் போதும், நான்கு பேர் தள்ளியே கிளப்பிவிடலாம். இன்றைய கார் அப்படியன்று. பெட்ரோலைத் தொட்டியிலிருந்து தள்ளுவது மின்பம்பு. அதை அளந்து தெளிப்பது ஒரு சிறு கணிப்பொறி. மின்னை உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்கும், அதன் காந்தப்புலத்தை எழுப்பத் தொடக்கத்தில் சிறிது மின்சாரம் தேவை. பாட்டரி முற்றிலும் வற்றிவிட்டால், இந்த மூன்றும் செத்துக் கிடக்கும். அன்றிரவு நான்கு பேர் மழையில் தள்ளியும் பயனில்லாமல் போனதன் காரணம் இதுவே.

ஈயத் தகட்டின் கதை

பாட்டரி ஏன் வற்றியது? அதை அறிய 1859-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டில் பிரெஞ்சு இயற்பியலார் கஸ்டான் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினார். பாய்ச்சிய மின்சாரத்தை அது திருப்பித் தந்தது. மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தக்கூடிய முதல் மின்கலம் பிறந்தது. 1881-இல் கமீய் ஃபோர் என்பவர் ஈய ஆக்ஸைடுப் பசையைத் தகட்டின்மேல் பூசி, அதன் கொள்ளளவைப் பெருக்கினார். அடுத்த ஆண்டே கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு வேதியியலார் உள்ளே நடப்பதை விளக்கினர்: மின்சாரம் வெளியேறும்போது, இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட்டு உண்டாகிறது. மின்னேற்றினால் அது மறைந்து பழைய நிலை திரும்புகிறது.

இந்த ஈய சல்ஃபேட்டில்தான் வினை இருக்கிறது. புதிதாக உண்டாகும்போது அது மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும். எளிதில் கரைந்து மாறும். வற்றிய பாட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால், சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின்மேல் படிந்து வளர்கின்றன. கற்கண்டுப் பாகில் பெரிய கட்டி வளர்வதைப் போன்றது இது. தகட்டை மூடிய அந்தக் கடினப் படிகம், பிறகு மின்னேற்றினாலும் கரைவதில்லை. 'பாட்டரி இறங்கிப் போச்சு' என்று நாம் சொல்வது முதல் நிலை. அதற்கு மருந்து உண்டு. 'பாட்டரி செத்துப் போச்சு' என்பது இரண்டாம் நிலை. அதற்கு மருந்து இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ளவை சில வாரங்கள் மட்டுமே.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். சாவியை எடுத்த பிறகும் இன்றைய காரில் கடிகாரம், கதவுப் பூட்டு, திருட்டு எச்சரிக்கை மணி, கணிப்பொறியின் நினைவகம் ஆகியவை சிறிது மின்னோட்டத்தைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. அதை 30 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 30 × 24 = 720 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 0.72 ஆம்பியர் மணி. சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர் மணி அளவுள்ளது என்றால், 24 நாளில் பாதி காலி. 48 நாளில் முழுவதும் காலி. ஏழு மாதம் என்பது 210 நாள்!

குளிர் காக்கிறது, வெப்பம் அழிக்கிறது

இங்கே பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். 'பனி நாட்டுக்காரனுக்குத்தான் இந்தக் கவலை. நமக்கு உறைபனி ஏது?' என்கிறார்கள். உண்மை நேர்மாறானது.

மின்கம்பியைக் கழற்றிவிட்டாலும் பாட்டரி தன்னுள்ளேயே மெல்ல வற்றும். இது ஒரு வேதிவினை. வெப்பநிலைக்கும் வேதிவினையின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை, சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889-இல் ஒரு சமன்பாடாக வகுத்தார். அதிலிருந்து கிடைக்கும் தோராயமான விதி: வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சுழியப் பாகையில் உள்ள கொட்டகையையும், 30 பாகையில் உள்ள நம் தகரக் கொட்டகையையும் ஒப்பிடுங்கள். 2 × 2 × 2 = 8. அங்கே எட்டு மாதத்தில் நேரும் தன்வற்றல் இங்கே ஒரே மாதத்தில் நேர்ந்துவிடும்.

முழுதும் மின்னேற்றிய பாட்டரியின் அமிலம் சுழியத்துக்குக் கீழே 60 பாகைக்கும் அப்பால்தான் உறையும். ஆகவே நிரம்பிய பாட்டரிக்குக் குளிர் பகையன்று, காவல். வற்றிய பாட்டரியின் அமிலமோ தண்ணீரை நெருங்கிவிடுவதால் சுழியத்துக்குக் கீழே சுமார் பத்துப் பாகையிலேயே உறைந்து வெடிக்கக்கூடும். அந்த அச்சம்தான் பனி நாட்டவரைப் பாட்டரியைக் கழற்றி மின்னேற்ற வைத்தது. நமக்கு அந்த அச்சம் இல்லை. ஆதலால் கழற்றுவதும் இல்லை. அச்சமின்மையே நமக்கு நட்டமாகிறது.

துருவை ஆராய்ந்தவர்கள்

இனி, போர்த்திய உறைக்குள் பார்ப்போம். நல்லெண்ணத்தோடு போர்த்திய பிளாஸ்டிக் உறையை நீக்கியபோது, அந்தக் காரின் கதவு விளிம்பிலும் சக்கரத்தின் பிரேக் தட்டுகளிலும் செந்துரு படிந்திருந்தது.

துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்ச்சி என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களுள் முதன்மையானவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ். 1920-களில் அவர் செய்த சோதனையை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தேய்த்துத் துடைத்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்பு நீரை வையுங்கள். சொட்டின் விளிம்புக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் நிறையக் கிடைக்கிறது. நடுவுக்குக் குறைவாகவே கிடைக்கிறது. இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. அரிக்கப்படுவது ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி! ஆகவேதான், காற்றுப் புகாத இடுக்கிலும், மட்காப்பின் உட்புறம் ஒட்டிய ஈரச் சேற்றின் அடியிலும், ஒட்டிக்கிடக்கும் உறையின் கீழும் இரும்பு அதிகம் அரிக்கப்படுகிறது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜே. வெர்னன் என்பவர் இன்னோர் உண்மையைக் கண்டார். காற்றின் ஈரப்பதம் ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு பெரும்பாலும் துருப்பிடிப்பதில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் துரு சட்டென விரைகிறது. தூசும் மாசும் நிறைந்த காற்றில் அவ்வெல்லை சுமார் 60 விழுக்காடு. உப்புத் துகள் படிந்திருந்தால் இன்னும் கீழே இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதியின் ஈரப்பதம் இந்த எல்லைக்கு மிக மேலே நிற்கிறது. பாக் நீரிணைக் கடலும் நமக்கு வெகு தொலைவில் இல்லை.

இந்த ஆராய்ச்சியில் நம் அண்டை ஊருக்கும் பங்கு உண்டு என்பது பெருமைக்குரியது. கீரமங்கலத்திலிருந்து அறந்தாங்கி வழியாகப் பேருந்தில் போய்வரக்கூடிய காரைக்குடியில் இருக்கிறது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சனவரி 14 அன்று, குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். பாட்டரி, மின்பூச்சு, அரிமானம் ஆகிய மூன்றுமே அதன் ஆய்வுத் துறைகள். மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளைக் காற்றுக்கும் உப்புக்கும் காட்டி, அவை அரிக்கப்படும் வேகத்தை அதன் அறிஞர்கள் அளந்தனர். இந்தியாவின் எப்பகுதியில் உலோகம் எவ்வளவு விரைவாக அரிக்கப்படுகிறது என்று காட்டும் அரிமான வரைபடத்தையும் வெளியிட்டனர். நம் கொட்டகையில் நிற்கும் காரின் நோய்க்கு மருத்துவம் பயின்ற இடம், நம் பக்கத்திலேயே இருக்கிறது.

போர் நிறுத்திய வண்டிகள்

பனி அல்லாமல் வேறொன்றும் ஒருமுறை உலகெங்கும் கார்களை நிறுத்தியது. அது இரண்டாம் உலகப் போர். பிரிட்டனில் 1939 செப்டம்பரிலேயே பெட்ரோல் பங்கீடு வந்தது. 1942-இல் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் அறவே நின்றது. எண்ணற்ற கார்கள் கட்டைமேல் ஏறி, போர் முடியும்வரை ஆண்டுக்கணக்கில் நின்றன. பங்கீடு முற்றிலும் நீங்கியது 1950-இல்தான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, மலேயா ரப்பர் ஜப்பானியர் கைக்குப் போனதால் டயரும் அரும்பொருளாயிற்று.

நம் மாகாணத்திலும் பெட்ரோல் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஆனால் பேருந்துகளை நிறுத்திவைக்க முடியுமா? மதுரையில் 1912-இல் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம், கரியை எரித்து வாயு உண்டாக்கி எஞ்சினை ஓட்டும் கலத்தைத் தயாரித்தது. பின்புறத்தில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடிய 'கரிவாயு பஸ்'களை நம் ஊர் முதியவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஓடும் வண்டியே நல்ல வண்டி என்பதை அன்றே அறிந்திருந்தார்கள் எனலாம்.

அண்மையில் 2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, நம் தலைமுறையும் இதே பாடத்தைப் படித்தது. கட்டுப்பாடு தளர்ந்து சாவியைத் திருகியபோது பல வீடுகளில் வண்டி கிளம்பவில்லை.

டயரும் பெட்ரோலும்

கட்டைமேல் தூக்குவது ஏன்? நிற்கும் காரின் பாரம் முழுவதும் டயரின் ஒரே பகுதியில் மாதக்கணக்கில் அழுத்துகிறது. காற்று மெல்லக் கசிந்து குறைய, அப்பகுதி மேலும் தட்டையாகி, அந்த வடிவிலேயே இறுகிவிடுகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன.

பெட்ரோலும் நிரந்தரப் பொருள் அன்று. அதன் இலேசான பகுதிகள் ஆவியாகின்றன. மிஞ்சியது ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகிறது. இன்று நம் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. 2025-இல் இக்கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஓர் அளவை மீறினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். தொட்டியில் வெற்றிடம் குறைந்தால் உள்ளே வரும் ஈரக் காற்றும் குறையும்.

'வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டால் போதாதா?' என்று பலர் கேட்கிறார்கள். பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைத் தருகிறது என்றால் நம்புவது கடினம். ஆனால் வேதிச் சமன்பாடு அதையே சொல்கிறது. எஞ்சினும் புகைக்குழாயும் நன்றாகச் சூடேறினால் இந்நீர் வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் சூடேறாது. நீர் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கித் துருவுக்கு உணவாகும். ஆகவே நின்ற இடத்தில் உறுமவிடுவதைவிட, அரை மணி நேரம் சாலையில் ஓட்டி வருவதே பயன் தரும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதோ உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நாம் செய்யத்தக்கவை

அந்தப் பெரியவருக்கு நான் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, உரிமம் உள்ள ஒருவர் அரை மணி நேரம் ஓட்டி வரட்டும். இது முடியுமானால் மற்றவை பெரும்பாலும் தேவையில்லை.

2. அது முடியாவிட்டால், வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்துவிட்டு, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுங்கள். மாதம் ஒருமுறை மின்னேற்றுங்கள். நிரம்பிய பாட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட்டு காட்டும். 12.4-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அருகில் பீடியோ விளக்கோ கூடாது.

3. நிறுத்துமுன் அடிப்பகுதிச் சேற்றைக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் காற்றோட்டமுள்ள துணி உறையைப் போடுங்கள்.

4. கைப்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், துருவில் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

5. டயரில் காற்றைச் சரியாக நிரப்பி, மாதம் ஒருமுறை வண்டியைச் சிறிது நகர்த்தி, டயரின் வேறு பகுதி தரையில் படும்படி செய்யுங்கள்.

6. செத்துப்போன பாட்டரியைக் கொல்லையில் உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். ஈயம் மண்ணில் இறங்கினால் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். விற்ற கடையே பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்ற விதி 2001-லேயே வந்தது. 2022-இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஏர் பிடிக்காத கொழு துருப்பிடிக்கும் என்று எங்கள் அப்பா சொல்வார். காருக்கும் அதுதான் போலிருக்கிறது."

அதுதான். பிளாந்தே, அர்ரீனியஸ், எவன்ஸ், வெர்னன் ஆகியோர் சமன்பாடுகளாலும் சோதனைகளாலும் காட்டியதை, உழவர் கொழுமுனையில் கண்டிருக்கிறார். கடல் கடந்து உழைத்த காசில் வாங்கிய வண்டி, வேண்டிய இரவில் கிளம்ப வேண்டுமானால், அதைப் பூட்டி வைப்பது மட்டும் காப்பு ஆகாது. அடுத்த அடைமழைக்குமுன் உங்கள் வீட்டுக் கொட்டகையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.